ரொட்டிக்குத்தான்

எடைமேடைக் கிராணி நான்.
லோரி ஏறும், எண் நிற்கும், சீட்டுக் கிழிப்பேன்.
பதினெட்டு டன், இருபத்திரண்டு டன்,
செம்பனைக் குலைகள் உள்ளே போகும்,
எண்ணெயாகி டேங்கரில் வெளியே வரும்.
இரண்டு தடவை துவைத்தாலும்
சட்டைக் காலரில் ஆலை இருக்கும்.

அப்படிப்பட்டவன் போய்
லாபிஸ் மருந்துக்கடையில் நின்று
ஆலிவ் எண்ணெய் இருக்கிறதா என்றேன்.
உள்ளங்கைக்குள் அடங்கும் போத்தலை எடுத்துவைத்து
"குழந்தைக்கா அண்ணே?" என்றாள் அந்தப் பெண்.
ரொட்டிக்கு என்றேன்.
அவள் உடனே சிரித்துவிட்டாள்.
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சாப்பிடுகிற போத்தல்
ஆ செங் கடையில், மேல்தட்டில், தூசியோடு.
முப்பத்தாறு வெள்ளி.
"இதையெல்லாம் யாருய்யா வாங்குறா?"
"நீதான் லா," என்றான்.

மங்களேஸ்வரி ஜொகூர் பாருவில்.
பதினோரு மாடி ஹோட்டல், அவளுக்கு அடித்தளம்.
ஆறு நாள் தட்டு, ஒரு நாள் நான்.
போனில் சொல்வாள்:
"பச்சையா ஒரு எண்ணெய்ங்க, இலை மிதக்குது.
ரொட்டியைத் தோய்ச்சுத் தோய்ச்சு
பாதியை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுறாங்க.
சுடுதண்ணி ஊத்தாம தட்டு விடவே மாட்டேங்குது."
ருசி எப்படி என்று நான் கேட்டதில்லை.
இந்த வாரம் கேட்க நினைத்தேன்.
கேட்பதற்குப் பதில்
சனிக்கிழமை சம்பளத்தோடு கடைக்குப் போய்விட்டேன்.

செய்முறையை ஒரு வெள்ளைக்காரர் போனில் காட்டினார்.
அவர் கிள்ளிய இலைகளில் ஒன்றுகூட
எங்கள் வரிசை வீடுகளில் முளைப்பதில்லை.
ஆனால் பீட்சாவோடு தரும் பொட்டலத்தின் மணம்
எங்கேயோ தெரிந்த மணம்.
பின்பக்கக் கால்வாயோரம் குனிந்தேன்.
ஓமவல்லி.
சளி பிடித்தால் மட்டும் கூப்பிடப்படுகிற செடி.
இரண்டு இலை போதும்.
மூன்றாவதைப் பறித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டேன்.
வேலிக்கு அந்தப்பக்கம் ரொஹானா அக்கா
திருநீற்றுப்பச்சை ஒரு கொத்துக் கிள்ளித் தந்தார்,
எதற்கென்று கேட்காமல்.

பூண்டு நான்கு பல், நசுக்கியது.
காய்ந்த மிளகாய், விதை உதிர்த்தது.
மிளகுக்கு ஒரே ஒரு இடி.
உப்பு விரல்நுனிக்கு.
சிறு தீயில் எண்ணெய் வைத்ததும்
கை தானாக அஞ்சறைப்பெட்டிக்குப் போய்
கடுகோடு திரும்பியது.
நில் என்றேன் கையிடம்,
இது தாளிப்பு இல்லை.
சத்தம் போடாத எண்ணெயை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
பூண்டைச் சுற்றி நாலைந்து குமிழ்,
அவ்வளவுதான், இறக்கு என்றார் வெள்ளைக்காரர்.
இலைகளைப் போட்டு மூடினேன்.
பூண்டு போட்டது, அதிக நாள் தாங்காது என்று
இரண்டு முறை எச்சரித்தார்.
எனக்கு இன்றிரவு தாண்டினால் போதும்.

ஐந்தரைக்கு மோட்டார் ரொட்டிக்காரரின் ஹாரன்.
பெங்காலி ரொட்டி ஒன்று, வெட்டாமல்.
ஒன்பது நாற்பது பேருந்து
பத்தே காலுக்கு வந்தது.

அவள் கால் கழுவி வருவதற்குள்
தோசைக்கல்லில் ரொட்டியைத் திருப்பினேன்.
சின்னத் தட்டு எங்களிடம் இல்லை,
தேநீர்க் கோப்பையின் அடித்தட்டில் ஊற்றினேன்.
பார்த்தாள்.
என்னைப் பார்க்கவில்லை, தட்டைத்தான்.
தோய்த்தாள். மென்றாள். நான் காத்திருந்தேன்.
"ஓமவல்லியா?"
ஆமாம்.
"இருமல் மருந்து மாதிரி இருக்கு," என்று
இன்னொரு துண்டு பிய்த்தாள்.

அங்கே எப்படி இருக்கும் என்று கேட்டேன்.
"எனக்கெப்படித் தெரியும்?
சவர்க்காரத்தோட வாசம்தான் தெரியும்."
பிறகு பேச்சில்லை.
மின்விசிறி சுற்றியது.
மிளகாய் ஒன்று அவள் உதட்டோரம் ஒட்டியிருந்தது,
சொல்லவில்லை நான்.

தட்டை நான் கழுவுகிறேன் என்று எழுந்தேன்.
ரொட்டியின் கடைசி முனையால்
ஒரு சுற்று, இன்னொரு சுற்று துடைத்து
விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

ஞாயிறு மாலை பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து
மிச்சத்தில் முட்டை பொரித்தேன்.
கடுகு போட்டேன்.
வெடிக்கட்டும், வீட்டில் கொஞ்சம் சத்தம் வேண்டியிருந்தது.